அடாப்டர் பின் பொருந்தினால் போதுமா?

கேள்வி: என் வைஃபை ரவுட்டரின் அடாப்டர் எரிந்துவிட்டது. அதில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தது. கையில் பழைய அடாப்டர்கள் இரண்டு இருக்கின்றன: ஒன்று 12 வோல்ட், 2 ஆம்பியர், இன்னொன்று லேப்டாப்புடையது, 19 வோல்ட். இரண்டின் பின்னும் ரவுட்டரில் பொருந்துகிறது. எதைச் செருகலாம்? அப்புறம், லேன் கேபிள் வழியாகவே கரன்ட் எடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) ஒன்றும் வாங்கப் போகிறேன். அதற்கு எந்த பிஓஇ இன்ஜெக்டர் (லேன் கேபிளில் கரன்ட் ஏற்றிவிடும் சிறு பெட்டி) நல்லது?

பதில்: லேப்டாப் அடாப்டரை ரவுட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 12 வோல்ட் கேட்கும் கருவிக்கு 19 வோல்ட் போனால், செருகிய நொடியிலேயே அது போய்விடக்கூடும். மற்றது பரவாயில்லை. 2 ஆம்பியர் என்றிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது அடாப்டரால் கொடுக்க முடிந்த உச்ச அளவு மட்டுமே. ரவுட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. குறைந்தால் அடாப்டர் சூடாகும், ரவுட்டர் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும்.

ஆனால் செருகுமுன் லேபிளை ஒருமுறை படியுங்கள். 'அவுட்புட்' வரியில் நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும் இருந்தால் டி.சி.; அலைபோல் வளைந்த கோடு இருந்தால் ஏ.சி., அது வேண்டாம். பக்கத்திலேயே நடுவில் புள்ளி வைத்த வட்டம் ஒன்று இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து போகும் கோடு + குறியில் முடிந்தால், பின்னின் உள்பக்கம் பாசிட்டிவ். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்றாலும், ரவுட்டரின் அடியில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். பின் லொடலொடவென்று ஆடினாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். 5.5 மில்லிமீட்டர் பின்களில் உள்துளை 2.1 என்றும் 2.5 என்றும் இரண்டு வகை உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இன்ஜெக்டர் விஷயத்தில்தான் நான் கண்டிப்பாகச் சொல்வேன். '802.3ஏஎஃப்' (802.3af) அல்லது '802.3ஏடி' (802.3at) என்று பிஓஇ தரத்தின் பெயர் தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். இந்த வகை, கேபிளில் முதலில் 10 வோல்ட் சுமாருக்குச் சிறிதாக அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் அளவில் மின்தடை இருக்கிறதா என்று சோதிக்கும். இருந்தால்தான் 48 வோல்ட் அளவில் முழு மின்சாரத்தைத் திறந்துவிடும். தவறிப்போய் கம்ப்யூட்டரைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. விலை குறைவாகக் கிடைக்கும் 'பாசிவ்' வகையில் இந்தச் சோதனையே கிடையாது. மறுமுனையில் என்ன இருந்தாலும் 24 அல்லது 48 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜெக்டரில் 'லேன்', 'பிஓஇ' என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துளைகளை மாற்றிச் செருகினால், உங்கள் ரவுட்டரின் போர்ட்டே போய்விடலாம். உங்கள் ஆக்சஸ் பாயின்ட் 24 வோல்ட் பாசிவ்தான் கேட்கிறது என்றால் வேறு வழியில்லை. அதே நிறுவனம் அதற்கென்று விற்கும் இன்ஜெக்டரையே வாங்குங்கள்.

ஏஎஃப் வகையில் கருவிக்குப் போய்ச் சேர்வது 12.95 வாட், ஏடி வகையில் 25.5 வாட். ஆக்சஸ் பாயின்ட் பெட்டியில் எது போட்டிருக்கிறதோ அதை எடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஏடி எடுத்துவிடலாம், ஏஎஃப் கருவிக்கும் அது ஒத்துவரும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வாங்கும்போது முழுச் செம்புக் கம்பிதானா என்று கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிளில் மின்தடை அதிகம், பிஓஇ ஓடும்போது கூடுதலாகச் சூடாகும்.