எக்ஸ்ரே நார்மல், ஆனால் குழந்தை காலை ஊன்ற மறுக்கிறதே?

கேள்வி: மூன்று வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நேற்றிலிருந்து இடது காலை ஊன்றவே மாட்டேன் என்கிறான். இடுப்பு எக்ஸ்ரே நார்மல். இருந்தும் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். அவசியமா? பேசாமல் கோவைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அவசியம், அதுவும் இன்றைக்கே. மூட்டில் சீழ் கோக்கும் முதல் நாட்களில் எலும்பில் மாற்றம் இருக்காது. எக்ஸ்ரேயில் தெரிய 10 முதல் 14 நாள் ஆகலாம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் வெளியிலும் வீக்கம் தெரியாது.

மூட்டில் நீர் கோத்திருப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம். இரண்டு இடுப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வலிக்கும் பக்கத்தில் எலும்புக்கும் மூட்டைச் சுற்றிய உறைக்கும் உள்ள இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தால் நீர் கோத்திருக்கிறது. முதல் நாளில் தெரியாமல் போவதும் உண்டு. வலி குறையாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும்.

அது சீழா, வைரஸ் காய்ச்சலை ஒட்டி வரும் தானாக வடியும் நீரா என்று ஸ்கேன் பிரித்துச் சொல்லாது. காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டுவது, காலை ஊன்றாதது, ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 40-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல்: இவை சேரச் சேரச் சந்தேகம் வலுக்கும். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி.யும் பார்ப்பார்கள். உறுதி செய்வது, ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் எடுக்கும் நீர்தான். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பை நீங்களாகக் கொடுத்தால் அந்த நீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி வளராமல் போகலாம். எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம்.

பக்கத்து எலும்புக்கும் தொற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. நல்லது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்க மூன்று வயதுப் பிள்ளைக்கு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். அதற்குத் திட உணவை 6 மணி நேரம், தண்ணீரை 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். மலையிறங்கும் வழியில் குஞ்சப்பனை தாண்டியதும் அழுகிறானே என்று பிஸ்கட் நீட்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அதுவரை சீழின் அழுத்தம் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். மலையிறங்குவதானால், இரவிலும் மூட்டைத் திறந்து கழுவ எலும்பு மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. கருவி அடுத்த கேள்விதான்.

கேள்வி: இரண்டு மாதக் குழந்தை. காய்ச்சல் இல்லை. துணி மாற்றும்போது அலறுகிறாள், வலது காலை அசைப்பதே இல்லை.
– வாசகர், மஞ்சூர்

பதில்: இந்த வயதில் மூட்டில் சீழ் இருந்தும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எலும்பு முறிவு இருக்கிறதா என்று எக்ஸ்ரே, இடுப்புக்கும் முழங்காலுக்கும் அல்ட்ராசவுண்ட், இரண்டுமே வேண்டியிருக்கும். மயக்கம் தேவைப்பட்டால் தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும்.