லெவலிங் கிட் போட்ட பிக்கப் வண்டியில் பெரிய டயர் உரசாமல் அடங்குமா?

முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கும் லெவலிங் கிட்டைப் பிக்கப் வண்டியில் போட்டுவிட்டீர்கள். வண்டியோடு வந்த 265/70 ஆர்17 டயர்களைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டால் உரசுமா, முடிந்தால் 35 அங்குல டயரையே போட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. வண்டியோடு வந்த ரிம்மையே வைத்துக்கொண்டால் 285/70 பெரும்பாலும் உரசாமலோ, சின்னத் திருத்தத்துடனோ அடங்கிவிடும். 265/70 போட்டு வந்த ஒரு வண்டிக்கு, லெவலிங் கிட்டை மட்டும் நம்பி 35 அங்குலம் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இதே வேலையை என் வண்டியில் ஒரு முறை தவறாகவும் ஒரு முறை சரியாகவும் செய்தவன் என்ற முறையில் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். 265/70 ஆர்17 என்றால் டயரின் அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ.; ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் இருப்பதால் இரண்டு முறை கூட்டினால் மொத்த விட்டம் 802.8 மி.மீ. வரும், அங்குலத்தில் 31.6. இதே கணக்கில் 285/70 ஆர்17 டயரின் விட்டம் 830.8 மி.மீ., அதாவது 32.7 அங்குலம். விட்டத்தில் 28 மி.மீ. கூடினாலும் ஆக்ஸில் தரையிலிருந்து உயர்வது அதில் பாதியான 14 மி.மீ. மட்டுமே. மட்கார்டை நோக்கி மேலே வளர்வதும் அதே 14 மி.மீ.தான். அகலம் 20 மி.மீ. கூடுவதால், ரிம் மாறாதவரை, உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 என்று பிரியும். கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது பூதாகரமாகத் தெரியும் டயர், கணக்கில் இவ்வளவுதான் கூடுகிறது.

அடுத்து, லெவலிங் கிட் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. பிக்கப் வண்டிகள் பின்பக்கம் சற்றுத் தூக்கலாகவே தயாரிக்கப்படுகின்றன. பின்னால் சுமை ஏறும்போது வண்டி அமுங்கிச் சமமாக வர வேண்டும் என்பதே காரணம். லெவலிங் கிட், முன் ஸ்ட்ரட்டின் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் ஒரு ஸ்பேசரை, அதாவது இடைக்கட்டையை, வைத்து அந்தச் சரிவை நேராக்குகிறது. ஸ்ட்ரட், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கரமான கீழ் கன்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், ஓர் அங்குல ஸ்பேசர் சக்கரத்தின் இடத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரமாக மாறுகிறது. பெட்டியைத் திறந்தவுடன் ‘இரண்டு அங்குலம் என்றார்கள், கையளவு கட்டைதானே இருக்கிறது’ என்று ஏமாற வேண்டாம். ஆனால் இந்த உயரமெல்லாம் வண்டி நிற்கும்போதும் சமதளத்தில் ஓடும்போதும் உள்ள உயரம். சக்கரம் மேலே எவ்வளவு ஏறலாம் என்பதற்கு எல்லை கட்டும் பம்ப் ஸ்டாப்பைப் பெரும்பாலான கிட்டுகள் தொடுவதே இல்லை. ஆகவே வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுவதுமாக அமுங்கும் அந்த நொடியில், புதிய டயர் பழைய டயர் ஏறிய இடத்துக்கே ஏறத்தாழ ஏறிவிடுகிறது. அங்கே மட்கார்டும் மாறவில்லை, உட்புற பிளாஸ்டிக் உறையும் மாறவில்லை. டயர் மட்டும் வளர்ந்திருக்கிறது. நிற்கும்போது டயருக்கு மேலே தாராளமாகத் தெரியும் இடைவெளியைக் கைவிரலால் அளந்து முடிவு செய்பவர்கள் பின்னால் வருத்தப்படுவது இதனால்தான்.

இன்னொன்று, உரசல் பெரும்பாலும் மேலே நடப்பதில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நடக்கிறது. இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பினால், இடச் சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே நீண்டு பம்பரின் மூலையை நெருங்கும். அதன் பின்விளிம்பு உள்ளே போய் சேஸிஸை நெருங்கும். வலச் சக்கரத்தில் இது தலைகீழாக நடக்கும்: பின்விளிம்பு வெளியே வந்து மட்கார்டின் பின்மூலையைத் தேடும். அந்தப் பின்மூலையில் உடற்கூட்டின் இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்த விளிம்பு ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் கத்தி முனை போல ஒளிந்திருக்கிறது. உறையில் உரசினால் சத்தம்தான். உறை தேய்ந்து அந்த விளிம்பில் பட ஆரம்பித்தால் டயரின் தோள் (தரையில் படும் பரப்பும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) கிழியும்.

என்னுடைய தவறு இங்கேதான். டயரோடு சேர்த்து ரிம்மையும் மாற்றினேன். சக்கரம் சற்று வெளியே துருத்திக்கொண்டு நின்றால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும் என்ற ஆசை. புதிய ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் மையக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) பழையதைவிட 25 மி.மீ. குறைவு. அதாவது சக்கரத்தின் மையக்கோடே 25 மி.மீ. வெளியே வந்துவிட்டது, அதோடு அகலத்தில் கூடிய 10 மி.மீ. சேர்ந்து, டயரின் வெளிவிளிம்பு 35 மி.மீ. தள்ளி நின்றது. சக்கரம் தன் இடத்திலேயே நின்று திரும்புவதில்லை; கன்ட்ரோல் ஆர்ம்களோடு சக்கரத்தை இணைக்கும் பால் ஜாயின்ட்டுகளின் வழியே போகும் ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சிலிருந்து டயர் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு பெரிய வட்டத்தை அதன் விளிம்பு வீசி எடுக்கும். நேர்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்துப் பின்னால் எடுத்தபோது, தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வலப்பக்க உறையின் பின்மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் பளபளவென்று தேய்ந்திருந்தது; டயரின் தோளில் கருந்தூள் ஒட்டியிருந்தது. ஒரு வாரம் லெவலிங் கிட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய ரிம்மில் அதே டயரை ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் கிட் நிரபராதி என்று புரிந்தது. சத்தம் முக்கால்வாசி நின்றுபோயிற்று. எஞ்சியதை, உறையைச் சூடான காற்றால் இளக்கி உள்ளே தள்ளி, ஒரு திருகாணியால் இழுத்துக் கட்டியதோடு சரிசெய்துகொண்டேன்.

எனவே ரிம்மை மாற்றாதீர்கள். 285/70 ஆர்17 டயருக்கு 7.5 முதல் 9 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். உங்கள் ரிம்மின் அகலத்தை அதன் உட்புறத்தில் வார்த்திருக்கும் எண்ணில் பார்த்துக்கொள்ளலாம். பழைய ரிம்மில் ஒரே ஒரு சங்கடம் உண்டு: டயர் உள்பக்கமும் 10 மி.மீ. வளர்வதால், மேல் கன்ட்ரோல் ஆர்முக்கும் டயரின் பக்கச்சுவருக்கும் இடையில் இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே அளக்க வேண்டும். சுண்டுவிரல் தாராளமாக நுழைந்து திரும்புகிற இடம் பழைய டயரில் இருந்தால்கூட, அது 10 மி.மீ. போன பிறகு போதாமல் போகலாம். அளவுகோலை வைத்து அளந்து பார்த்தால் சந்தேகம் இருக்காது.

கிட் போட்ட பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத் திருத்தம்) பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால், புதிய டயரை ஏற்றிய அன்றே பார்த்துவிடுங்கள். முன்பக்கம் உயர்ந்ததும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) மாறும். பெரும்பாலான வண்டிகளில் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் பிடிப்பில்லாமல் அலையும். டோ தவறாக இருந்தால் புதிய டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே இறகுபோலத் தேய்ந்துவிடும். கீழ் கன்ட்ரோல் ஆர்மில் கோணத்தைத் திருத்த உதவும் கேம் போல்ட் உள்ள வண்டியாக இருந்தால், கேஸ்டரைக் கூட்டும்போது சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தும்படி அலைன்மென்ட் செய்பவரிடம் கேட்கலாம். பின்மூலை உரசலுக்கு இது நல்ல மருந்து. பம்பர் பக்கம் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்கும்போது அது பழைய எல்லைக்குக் கீழே போகிறது என்பதையும் கவனியுங்கள். மேல் கன்ட்ரோல் ஆர்ம் ஸ்ப்ரிங்கில் முட்டுகிறதா, நான்கு சக்கர இயக்க வண்டியானால் முன் ஆக்ஸிலின் ரப்பர் உறை மடிப்போடு மடிப்பு உராய்கிறதா என்று பாருங்கள். இரண்டு அங்குலத்துக்குள் இது பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் ஸ்பேசர் மேல் ஸ்பேசராக அடுக்குவது பால் ஜாயின்ட்டுக்குக் குழி பறிப்பது.

டயரின் விட்டம் 3.5 சதவீதம் கூடுவதால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103.5 கி.மீ. வேகத்தில் ஓடும். ஓடிய தூரமும் அதே அளவுக்குக் குறைவாகப் பதிவாகும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் சரிந்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்த்தார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சரிவு உண்மைதான், சொல்லும் அளவுக்கு இல்லை. பல வண்டிகளில் டயர் அளவைக் கணினியில் மாற்றிக் கொடுக்க முடியும். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) 3.73 என்றால், இந்த டயரோடு அது 3.60 போல நடந்துகொள்ளும். புறப்படும்போது ஒரு சின்னச் சோம்பல், அவ்வளவே. 35 அங்குல டயரின் கதை வேறு. விட்டம் 889 மி.மீ.; உங்கள் பழைய டயரைவிட 86 மி.மீ. அதிகம், ஒவ்வொரு பக்கமும் 43. அதே 3.73 அப்போது 3.37 ஆகிவிடும், பழைய இழுவை திரும்ப வேண்டும் என்றால் ஆக்ஸில் கியரை 4.10-க்கு மாற்ற வேண்டியிருக்கும். மட்கார்டின் உள்ளே வெட்டுவது, அந்த வெல்டிங் விளிம்பைச் சுத்தியலால் மடிப்பது, பிரேக் கூடுதல் எடையைத் தாங்குகிறதா என்ற கவலை எல்லாம் சேர்ந்தால், அது டயர் மாற்றுவது அல்ல, வண்டியையே மாற்றிக் கட்டுவது.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண 265/70 டயர் ஒன்று 17 முதல் 19 கிலோ வரை இருக்கும், எல்.டி. (லைட் டிரக்) வகை, கூடுதல் சுமை தாங்கும் லோட் ரேஞ்ச் ‘இ’ கொண்ட 285/70 டயர் 25 கிலோவைத் தாண்டும். சுழலும் எடை இது; பிரேக் அழுத்தும்போதும் மேட்டில் ஏறும்போதும் காலில் உணர்வீர்கள். நிறையச் சுமை ஏற்றுவதில்லை, ட்ரெய்லர் இழுப்பதில்லை என்றால் ‘இ’ ரேஞ்ச் உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள். லோட் இன்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண், பழைய டயருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: 113 என்றால் ஒரு டயர் 1150 கிலோ, 121 என்றால் 1450 கிலோ. எல்.டி. டயர் அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்றழுத்தம் கேட்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண் பழைய டயருக்கானது. டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் 80 பி.எஸ்.ஐ. என்பது அதிகபட்ச எல்லை. அதை அப்படியே நிரப்பினால் வண்டி கட்டைவண்டியாகக் குதிக்கும். தயாரிப்பாளரின் சுமை–அழுத்த அட்டவணையைப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டை மறந்துவிடாதீர்கள். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 3.6 மீட்டர் இருக்கும் வண்டியில் முன்பக்கம் 5 செ.மீ. உயர்ந்தால், 25 மீட்டர் தூரத்தில் ஒளி சுமார் 35 செ.மீ. மேலே விழும்; விளக்கே உயர்ந்தது தனி. எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராக விளக்கை அடித்து அடித்துக் காட்டியபோது, என் புது டயரைப் பாராட்டுகிறார்கள் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பின்னால் முழுச் சுமை ஏற்றும்போது மூக்கு இன்னும் தூக்கும் என்பதால், சுமையோடு ஓட்டுவது வழக்கமானால் சுமை ஏற்றியே விளக்கைத் திருத்துங்கள்.

இனி சோதிக்கும் முறை. நான்கு டயரையும் ஏற்றும் முன்பு முன் சக்கரம் இரண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். டயரின் தோள் முழுக்கச் சாக்கட்டியால் தடவிவிட்டு, வெறிச்சோடிய இடத்தில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, முன்னும் பின்னுமாக மெதுவாக ஓட்டுங்கள். பிறகு ஒரு முன் சக்கரத்தை மட்டும் உறுதியான சரிவுமேடையில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மறுபடி திருப்புங்கள். உரசல் இருந்தால் வெள்ளைக் கோடு உறையில் தானாகவே எழுதிவிடும். பின்னால் எடுக்கும்போதும் சோதிக்க மறக்க வேண்டாம். முன்னே போகும்போது தப்பிக்கும் டயர், பின்னே வரும்போது மாட்டிக்கொள்ளும். நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, 80 முதல் 160 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னியையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது ஐந்து டயராக வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் 28 மி.மீ. சிறியதாக இருந்தால், முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றோடொன்று இழுபறி நடத்தும். பழைய அளவு ஸ்டெப்னிதான் இருக்கிறது என்றால் அதைப் போட்ட நேரத்தில் இரு சக்கர இயக்கத்திலேயே, மெதுவாக, பஞ்சர் ஒட்டும் இடம் வரை மட்டும் ஓட்டுங்கள். புதிய அளவு, பின்பெட்டியின் அடியில் உள்ள தாங்கியில் ஏறுகிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். என் வண்டியில் அது பின் பம்பரின் உள்விளிம்பில் இடித்தது. காற்றைக் கொஞ்சம் இறக்கி ஏற்றி, பிறகு அடியில் படுத்துக்கொண்டே காற்றடித்தேன்.