ஆர்க்கிட் குடும்பத்துல ஸ்பீஷிஸ் கண்டுபிடிக்க டிஎன்ஏ பார்கோடிங் மட்டும் போதுமா?

பூ இல்லாத ஆர்க்கிட் செடிய வச்சுக்கிட்டு, இலை டிஎன்ஏவோட சின்னப் பகுதிகள மட்டும் படிச்சு (இதத்தான் டிஎன்ஏ பார்கோடிங்னு சொல்றாங்க) எந்த ஸ்பீஷிஸ்னு, அதாவது எந்த இனம்னு, சொல்லிடலாமான்னு கேட்டிருக்கீங்க. ஜீனஸ் (நெருங்கின ஸ்பீஷிஸ் சேர்ந்த பேரினம்) வரைக்கும் பெரும்பாலும் சொல்லிடலாம், ஸ்பீஷிஸ்னா அது அந்தந்த ஜீனஸ பொறுத்தது. எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல ஆறு மாசம் இதோடயே கிடந்தேன், அதனால சொல்றேன்.

விலங்குகளுக்கு 2003ல பால் ஹெபர்ட் குழு சொன்ன மைட்டோகாண்ட்ரியா ஜீன் ஒண்ணே பெரும்பாலும் போதும். செடியில அது ரொம்ப மெதுவா மாறுறதால சொந்தக்கார ஸ்பீஷிஸ் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அதான் 2009ல தாவர பார்கோடிங் ஆராய்ச்சியாளர்கள் குழு ஒண்ணு, குளோரோபிளாஸ்ட்ல (செல்லுக்குள்ள பச்சையம் இருக்குற பகுதி) இருக்குற ஆர்பிசிஎல், மேட்கேங்குற ரெண்டு ஜீனையும் சேர்த்து பாக்கலாம்னு முடிவு பண்ணாங்க, அப்பவே அவங்க சோதிச்சதுல 72 சதவீத ஸ்பீஷிஸ தான் பிரிக்க முடிஞ்சுது.

ஆர்க்கிட்ல இன்னொரு சிக்கல் கலப்பு, அதாவது ரெண்டு ஸ்பீஷிஸ் சேர்ந்து உண்டாகுற செடி. குளோரோபிளாஸ்ட் பொதுவா தாய் வழியா மட்டும் தான் வரும், அதனால கலப்புச் செடிய டெஸ்ட் பண்ணா தாயோட பேர் மட்டும் வரும், அப்பா யாருன்னே தெரியாது. அதுக்குத்தான் நியூக்ளியஸ்ல இருக்குற, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்ற ஐடிஎஸ்ங்குற டிஎன்ஏ பகுதியையும் கண்டிப்பா சேர்த்துக்கோங்கன்னு சொல்றேன். சீக்வென்ஸ் (டிஎன்ஏ எழுத்து வரிசை) பண்ணி வர்ற கிராஃப்ல ஒரே இடத்துல C எழுத்துக்கு ஒரு பீக், அது மேலயே T எழுத்துக்கு ஒரு பீக்னு பல இடத்துல வந்துச்சுன்னா கலப்பா இருக்குமோன்னு யோசிக்கணும்.

ஆனா ஐடிஎஸ்க்கு வேர எடுக்காதீங்க. என் சாம்பிள் ஒண்ணுல இலை அழுகிப் போச்சுன்னு வேர்ல இருந்து எடுத்தேன், டிஎன்ஏ நகல் வந்துச்சான்னு பாக்குற ஜெல் சோதனைல பேண்ட் (டிஎன்ஏ கோடு) அவ்ளோ பளிச்சுன்னு வந்துச்சு, சீக்வென்ஸ் பண்ணி டேட்டாபேஸ்ல தேடினா வந்தது பூஞ்சை! ஆர்க்கிட் வேருக்குள்ள பூஞ்சை கூடவே வாழும், ஐடிஎஸ் பகுதிய நகலெடுக்க போடுற பொது ப்ரைமர் (நகலெடுக்க ஆரம்பிச்சு வைக்குற சின்ன டிஎன்ஏ துண்டு) அதையும் பிடிச்சிடும். அப்புறம் இளசா ஒரு இலைய கிள்ளி, சிலிக்கா ஜெல்ல காயவச்சு திரும்ப பண்ணப்போ தான் சரியா வந்துச்சு.

அதவிட முக்கியம், மேட்ச் ஆகுற சீக்வென்ஸ் யாரு எந்த செடியில எடுத்ததுன்னு பாருங்க. தப்பா பேர் போட்டு ஏத்தினது நிறைய இருக்கு, ஹெர்பேரியம் வவுச்சர் நம்பர் (டிஎன்ஏ எடுத்த அதே செடிய காயவச்சு பாதுகாக்குற இடத்துல அதுக்கு குடுத்த நம்பர்) இல்லன்னா 100 சதவீதம் மேட்ச் ஆனாலும் நான் நம்ப மாட்டேன். உங்க செடிக்கும் ஒரு நம்பர் போட்டு வைங்க, அது பூக்குறப்போ ஒரு பூவ அதே நம்பரோட ஸ்பிரிட்ல போட்டுடுங்க, அழுத்தி காயவச்சா உதட்டிதழோட வடிவம் போயிடும்.