வீடியோ சந்தாவா, சங்க உறுப்பினர் கார்டா? டென்னிஸ் கோச்சுகளின் கேள்விகள்

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட கோர்ட்டில் காலையும் சாயங்காலமும் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். 22 பிள்ளைகள் வருகிறார்கள், பாதிப் பேர் பத்து வயதுக்குக் கீழே. யூனிவர்சிட்டி டீமில் ஆடியிருக்கிறேன். கோச் சர்டிபிகேட் மட்டும் கையில் இல்லை. வெளிநாட்டு கோச் ஒருவரின் வீடியோ பாடங்களுக்கு வருடச் சந்தா கட்டலாமா, அல்லது அமெரிக்காவிலுள்ள பயிற்சியாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆகலாமா என்று யோசிக்கிறேன். சங்கத்தில் இன்ஷூரன்ஸ், ராக்கெட் தள்ளுபடி, வேலைப் பட்டியல் என்று நிறையச் சலுகை போட்டிருக்கிறார்கள். இரண்டையும் எடுக்க வசதியில்லை. எதை எடுக்க?

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அந்தப் பணத்தை அப்படியே வையுங்கள். முதலில் அது போக வேண்டிய இடம் வேறு.

இந்தியாவில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின், அதாவது ஐ.டி.எஃப்.பின் பாடத்திட்டப்படி கோச்சுகளுக்கு வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருவது அகில இந்திய டென்னிஸ் சங்கம். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே சிறிய வகுப்பு ஒன்று உண்டு, அதற்கு மேல் லெவல் 1, 2, 3. அடுத்த வகுப்பு எங்கே, எப்போது, எவ்வளவு என்று சென்னையிலுள்ள தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தில் கேளுங்கள். திருவனந்தபுரம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே நடந்தால் இன்னும் நல்லது. ரயில், தங்கும் இடம், அந்த நாட்களில் நின்றுபோகும் வகுப்புக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தொகை சற்றுப் பெரிதாகத்தான் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அங்கே நீங்கள் சொல்லிக்கொடுப்பதை இன்னொரு கோச் கூடவே நின்று பார்த்து, “இங்கே அதிகம் பேசுகிறாய், பிள்ளை பந்து அடிக்கவே இல்லை” என்று சொல்வார். எந்தச் சந்தாவிலும் அது வராது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஐ.டி.எஃப். அகாடமி என்ற இணையதளத்தில் பதிவு செய்வது இலவசம். அதில் கட்டணப் பாடங்களும் உண்டு, இலவசமாகவே படிக்கக்கூடியவையும் உண்டு. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய பாடத்தை முதலில் முடியுங்கள். பாதிப் பேர் சின்னப் பிள்ளைகள் என்பதால் சொல்கிறேன், பெற்றோருக்கு உங்கள் மேல் வரும் நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்கும்.

அரசு வேலை மனதில் இருந்தால் கணக்கு வேறு. அதற்குக் கேட்பது பட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ, நம் ஆட்கள் என்.ஐ.எஸ். என்று சொல்வது. வெளிநாட்டுச் சங்கத்தின் கார்டு அந்த இடத்தை நிரப்பாது.

இனி அந்தச் சலுகைகள். அமெரிக்காவில் இப்படி இரண்டு பெரிய சங்கங்கள் உண்டு. 1927இல் தொடங்கிய யு.எஸ்.பி.டி.ஏ., இப்போது ஆர்.எஸ்.பி.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று டெனிஸ் வான் டெர் மீர் என்ற கோச் 1976இல் தொடங்கிய பி.டி.ஆர். இரண்டும் மதிப்புள்ளவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சலுகைப் பட்டியல் அந்த நாட்டில் வேலை செய்பவரை மனதில் வைத்து எழுதியது. பயிற்சியின்போது ஒரு பிள்ளைக்கு அடிபட்டு, பெற்றோர் வழக்குப் போட்டால் கோச்சைக் காப்பதற்குத்தான் அந்த இன்ஷூரன்ஸ். பார்வதிபுரத்தில் நடக்கும் விபத்துக்கு அது பொருந்துமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். “ஆம்” என்று தெளிவாக வராவிட்டால் அந்தச் சலுகையின் மதிப்பு உங்களுக்குப் பூஜ்யம். நாகர்கோவிலிலேயே பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கிளைகள் இருக்கின்றன. தனிநபர் விபத்துக் காப்பீடும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் என்ன விலைக்கு வரும் என்று விசாரியுங்கள். ராக்கெட் தள்ளுபடியும் அப்படித்தான். அங்கிருந்து பெட்டி வந்து சேர்வதற்குள் அனுப்பும் கூலியும் சுங்கமும் அதைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப்பட்ட சங்கங்களில் வருடாவருடம் சந்தா கட்டினால்தான் சான்றிதழ் நடப்பில் இருக்கும். ஆகவே முதல் வருடத் தொகையைப் பார்க்காமல் ஐந்து வருடத் தொகையைப் பாருங்கள். டாலரில் கட்டும்போது கார்டு வங்கி பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை தனியாக எடுக்கும். அதையும் சேருங்கள்.

வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. அங்கேயுள்ள கிளப்புகள் கோச் வேலைக்கு ஐ.டி.எஃப். அல்லது பி.டி.ஆர். சான்றிதழ் கேட்பதுண்டு. போகப்போகும் கிளப் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, விண்ணப்பிக்கும் வருடத்தில் வாங்குங்கள்.

இப்போது வீடியோ. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் மகள் ஆடிய நாட்களில் அவளுக்காக ஒரு வருடச் சந்தா கட்டினேன். நூற்றுக்கணக்கான வீடியோ இருந்தன. எதை முதலில் பார்ப்பது, அவளுக்கு இப்போது எது தேவை என்று சொல்ல ஆள் இல்லை. மூன்று வாரம் பார்த்தோம், பிறகு திறக்கவே இல்லை. அவளுடைய சர்வ் சரியானது வேறு விதமாக. ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இங்கே கோர்ட் வரைக்கும் வந்து அடிக்கிறது. வீடியோவில் பார்த்தபடி பந்தை உயரத் தூக்கிப் போடுகிறாள், அது தோளுக்குப் பின்னால் போய் விழுகிறது. அவளுடைய கோச் பந்தை வாங்கி, ராக்கெட் எட்டும் உயரத்துக்கு ஒரு சாண் மேலே மட்டும் போட்டுக் காட்டினார். “காத்து பிடிக்கதுக்கு முன்னால நீ அடிச்சிரணும் மக்கா.” அவ்வளவுதான். முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற ஊரில் சர்வ் சொல்லிக்கொடுக்கிறவருக்கு, காற்றே இல்லாத உள்ளரங்கத்தில் எடுத்த வீடியோ பாதி வழிதான் கூட வரும்.

வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடச் சந்தா வேண்டாம், மாதச் சந்தா போதும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலும் கோர்ட் நனையும், ஐப்பசியிலும் நனையும். கோர்ட் ஊறிக் கிடக்கும் மாதத்தில் ஒரு மாதத்துக்கு எடுத்து, ஒரே ஒரு விஷயத்தை, உதாரணத்துக்கு பேக்ஹேண்டை மட்டும், முழுதாகப் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டு நிறுத்துங்கள். கூடவே, பெற்றோரிடம் கேட்டுவிட்டு, உங்கள் வகுப்பையே போனில் ஒரு மணி நேரம் எடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை எத்தனை பந்து அடித்தாள், எத்தனை நிமிடம் வரிசையில் நின்றாள் என்று எண்ணுங்கள்.

மிச்சப்படும் பணத்தில் சிவப்புப் பந்து வாங்குங்கள். 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை ஐ.டி.எஃப். விதி அனுமதிப்பதில்லை. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்ற மெதுவான பந்துகள்தான். சிவப்புக்கு கோர்ட் நீளம் 36 அடி, வலை 80 சென்டிமீட்டர். பெரிய கோர்ட்டின் டபுள்ஸ் அகலமும் அதே 36 அடிதான்! அதனால் கோர்ட்டைக் குறுக்கே திருப்பிக்கொண்டால் நான்கு சின்ன கோர்ட் கிடைக்கும். வடசேரி பக்கம் ஒரு கோச் இதைத்தான் செய்தார். தேங்காய் நார்க் கயிற்றை நடுவில் இழுத்துக் கட்டி, பழைய துணிகளைத் தொங்கவிட்டு, சுண்ணாம்பில் கோடு போட்டார். அதுவரை மஞ்சள் பந்து தலைக்கு மேல் எழும்பிப் போக, எக்கி எக்கி அடித்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குப் பந்து இடுப்புயரத்துக்கு வந்தது. எதிரில் நின்ற பையனோடு விடாமல் ஒன்பது அடித்தாள். எண்ணியது அவளேதான், சத்தமாக. உங்களிடம் வரும் சின்னப் பிள்ளைகளில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு நாள் இலவசம் என்ற டென்னிஸ் ஆப் ஒன்றில் கார்டு எண் கொடுத்தேன். எட்டாம் நாள் வருடத் தொகை முழுவதும் போய்விட்டது. ஆப்பை அழித்துவிட்டேன். பணம் திரும்ப வருமா?

பதில்: டீச்சர், ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, அடுத்த வருடமும் எடுக்கும். பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால், அங்கே உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் ரீஃபண்டையும் உடனே அங்கேயே கேளுங்கள். நேரடியாகக் கார்டில் கட்டியிருந்தால் வங்கியின் ஆப்பில் தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்யுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் இரண்டையும் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

சேர்வதற்கு ஒரு தொடல், விலகுவதற்குப் பொத்தானே கண்ணில் படாது என்று வைப்பதைச் சந்தாப் பொறி என்று 2023 நவம்பர் மாத மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு வாங்கியும் பணம் வர இழுக்கும், அதனால் ஸ்டோர், வங்கி வழிகளை முதலில் முழுதாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: தக்கலையிலிருந்து ஒரு தாய். எங்கள் கோச் இன்டர்நேஷனல் மெம்பர் ஆகிவிட்டதாகச் சொல்லி மாதக் கட்டணத்தைக் கூட்டிவிட்டார். நியாயமா?

பதில்: அம்மா, உறுப்பினராவது வேறு, தேர்வு எழுதி, கோர்ட்டில் சொல்லிக்கொடுத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்குவது வேறு. எது என்று கேளுங்கள். சான்றிதழ் என்றால் எந்த நிலை, எந்த வருடம் வரை செல்லும் என்று காட்டச் சொல்லுங்கள். நல்ல கோச் கோபப்படாமல் காட்டுவார். பிறகு ஒரு சாயங்காலம் முழுவதும் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். போன மாதத்தைவிட உங்கள் பிள்ளை அதிகப் பந்து அடிக்கிறாளா, அவள் பெயரைச் சொல்லி அவளுக்கென்று ஏதாவது திருத்தினாரா? ஆம் என்றால் அந்த உயர்வைக் கொடுங்கள்.