பாஸ்போட் பள்ளிக்கூடத்து லாச்சிக்குள்

வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவர்களும் போய் மாட்டிக்கொண்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. பதில் சொல்பவர் தாய்லாந்தில் ஒன்பது வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்துவிட்டு, இப்போது வெள்ளவத்தையில் வீட்டில் ட்யூஷன் கொடுக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 27. கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் மூன்று வருடம் படிப்பித்தேன். இப்போது ஏஜென்சி ஒன்றின் மூலம் தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. மே முதல் வாரம், வேலைக்குப் போகிறவர்களுக்கான நொன்-பி வீசாவில் வந்தேன். மறுநாளே வேர்க் பெர்மிட் போட வேண்டும் என்று பாஸ்போட்டை வாங்கிக்கொண்டார்கள். ஏழு வாரமாகிறது. கேட்டால் "அடுத்த கிழமை" என்கிறார்கள். சம்பளம் 28,000 பாத் என்றார்கள், 23,000தான் கைக்கு வந்தது. மிச்சம் டிபொசிட்டாம், ஒப்பந்தம் முடிந்தால்தான் தருவார்களாம். பக்கத்து ஊரில் வேறு பள்ளி ஒன்று என்னை எடுக்கத் தயார். சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாமா? அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம் (வீடு கொட்டாஞ்சேனை)

பதில்: போக வேண்டாம் மகள், இப்போது வேண்டாம். பாஸ்போட் அவர்கள் லாச்சிக்குள் கிடக்கும்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் அங்கே உங்களுக்கு ஒரு கடதாசியும் போட முடியாது.

முதலில் கலண்டரை எடுங்கள். நொன்-பி வீசாவில் உள்ளே வந்தால் 90 நாள் தங்க விடுவார்கள். இறங்கிய நாளும் அதற்குள் ஒரு நாள். ஏழு வாரம் என்றால் 49 நாள் போய்விட்டது, கையில் இருப்பது 40 நாளளவு. முத்திரையில் எந்தத் திகதி அடித்திருக்கிறது என்று உங்களுக்கே சரியாகத் தெரியாது, இல்லையா? "மே முதல் வாரம்" என்று எழுதியதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பழைய விமான டிக்கெட்டைத் தேடி எடுத்து, விரல் விட்டு எண்ணுங்கள். அந்த நாளுக்குள் வேர்க் பெர்மிட் வந்து, அதைக் காட்டி இமிக்ரேஷனில் தங்கும் காலத்தை நீட்டியிருக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 500 பாத், கூடியது 20,000. "காசைக் கட்டிவிட்டுப் போகலாம், ஒன்றும் ஆகாது" என்று சொல்ல அங்கே பழைய ஆக்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தானாகப் போய் நிற்பவருக்குத்தான் அந்தக் கதை. தாண்டிய பிறகு வழியில் மறித்துப் பிடித்தால், ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்கியிருந்தாலும் ஐந்து வருடம் நாட்டுக்குள் வர முடியாது. 2016 மார்ச்சில் இருந்து சட்டம் அப்படி.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெர்மிட் கைக்கு வரும்வரை நீங்கள் வகுப்பில் நின்று "குட் மோர்னிங்" சொல்வதே சட்டப்படி பிழை. பிடிபட்டால் உங்களுக்கு 5,000 முதல் 50,000 பாத் வரை தண்டம், அதோடு திருப்பி அனுப்புவார்கள். வேலைக்கு வைத்தவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 100,000 வரை. அதாவது இழுபட்டால் அவர்களுக்கும் நோகும். இதை மனதில் வைத்திருங்கள், வாயால் சொல்ல வேண்டாம்.

பெர்மிட் அலுவலுக்காக அசல் பாஸ்போட்டைச் சில நாள் கொடுப்பது வழக்கம்தான். நானும் கொடுத்திருக்கிறேன். ஏழு வாரம் வழக்கமல்ல. 2017-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் அரசாணையின்படி, தொழிலாளியின் வேர்க் பெர்மிட்டையோ அடையாள ஆவணத்தையோ பிடித்து வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். ஆகவே நீங்கள் கேட்கப்போவது சலுகை அல்ல. ஆனால் சலுகை கேட்பது போலத்தான் கேட்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். முதல் வருடம் நானும் இப்படிக் கந்தோரில் நின்று சத்தம் போட்டேன். எங்கள் ஊரில் கொஞ்சம் குரலை உயர்த்தினால்தான் சில அலுவல் நடக்கும். அங்கே குரல் உயர்ந்தால் எல்லாரும் சிரிப்பார்கள், அதோடு அலுவல் நின்றுவிடும். பைல்களைப் பார்த்த பெண் என்னைப் பார்த்து வடிவாகச் சிரித்தார், என் பைல் மட்டும் கட்டின் அடியில் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து, வீட்டிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, கைகூப்பி, "பீ" என்று கூப்பிட்டுக் கேட்டேன். அங்கே அக்காவை, அண்ணாவை எல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டும். தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் பெர்மிட் வந்தது. லஞ்சம் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம், 200 கிராம் தேயிலை.

ஆகவே நாளைக்கே உங்கள் கந்தோரில் பைல் பார்க்கும் "பீ"யிடம் போங்கள். வீட்டுக்குக் காசு அனுப்ப வங்கியில் அசல் பாஸ்போட் கேட்கிறார்கள், இரண்டு நாள் தாருங்கள் என்று கேளுங்கள். அதையே, வட்ஸ்அப் போல அங்கே பாவிக்கும் "லைன்" அப்பில் எழுதியும் அனுப்பி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கேட்டீர்கள், தரவில்லை என்பதற்குச் சாட்சி அதுதான். கையில் வந்த நிமிடமே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அம்மாவின் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள்.

ஆம், அம்மாவுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆறுதலுக்காக மட்டும் அல்ல, அம்மாவுக்கு இங்கே வேலை இருக்கிறது. உங்களை அனுப்பியது கொழும்பு ஏஜென்சி என்றால், ஒப்பந்தத்தின் போட்டோ கொப்பியையும் காசு கட்டிய ரசீதையும் எடுத்துக்கொண்டு அவர் பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போகலாம். முதலில் 1989-க்கு அழைத்துப் பேசலாம். ஒரு கிழமைக்குள் பாஸ்போட் வராவிட்டால் நீங்கள் அங்கிருந்து பாங்கொக்கில் உள்ள நம் தூதரகத்துக்குச் சொல்லுங்கள். சுற்றுலாப் பொலிஸ் 1155-இல் ஆங்கிலம் பேசுவார்கள்.

டிபொசிட் விஷயத்தில் ஒரு கேள்விதான்: ஒப்பந்தத்தில் முதலாளி என்று கையெழுத்து வைத்தது பள்ளியா, ஏஜென்சியா? ஏஜென்சி என்றால் 1998-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். காசோ சொத்தோ பொறுப்பில் இருக்கும் வேலைகளைத் தவிர மற்றவற்றுக்குப் பிணைப்பணம் பிடிக்க அதில் இடமில்லை. தொழில் திணைக்களத்து 1546-இல் முறையிடலாம், பக்கத்தில் தாய் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு. தனியார் பள்ளியே முதலாளி என்றால் தனியார் பள்ளிச் சட்டம் என்று வேறொன்று இருக்கிறது. அது கல்வி அமைச்சின் கீழுள்ள தனியார் கல்வி ஆணைக்குழு அலுவலகத்தின் பொறுப்பு, வழி கொஞ்சம் நீளம்.

புதுப் பள்ளி ஓடிப்போகாது. வேர்க் பெர்மிட்டில் முதலாளியின் பெயரும் வேலை செய்யும் இடமும் எழுதியிருக்கும், பள்ளி மாறினால் எல்லாக் கடதாசியும் புதிது. வெளியே போய் மறுபடி நொன்-பி எடுத்து வரவும் நேரலாம், அந்தச் செலவு யாருடையது என்று அவர்களிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். பெர்மிட் நேரத்துக்கு வந்துவிட்டால் ஒக்டோபர் விடுமுறை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, முறையாக எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததாகக் கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 90 நாள் முடியும் திகதிக்கு ஒரு கிழமை முன்னும் பெர்மிட் வராவிட்டால், பாஸ்போட்டோடு வீட்டுக்கு வாருங்கள். 5,000 பாத்துக்காக நிற்க வேண்டாம்.

கேள்வி: மகன் பாங்கொக்கில் ஆங்கில ஆசிரியர். வேர்க் பெர்மிட், ஒரு வருட வீசா எல்லாம் ஒழுங்கு. தங்கையின் கல்யாணத்துக்கு ஆவணியில் வந்து போகப் போகிறான். திரும்பிப் போக ஏதும் செய்ய வேண்டுமா?
– ஒரு தகப்பன், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, கல்யாணக் காட் அடிக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்: ரீ-என்ட்ரி பெர்மிட். அது இல்லாமல் தாய்லாந்தை விட்டு வெளியே கால் வைத்தால் அந்த ஒரு வருட வீசா அங்கேயே செத்துவிடும். வேர்க் பெர்மிட் கையில் இருந்தும் அந்த வீசாவில் உள்ளே போக வழியில்லை.

எனக்கு இது தெரியாது. 2013-இல் ஒரு இரவு பத்து மணிக்கு அப்பா காலமானதாகச் செய்தி வந்தது. கிடைத்த முதல் விமானத்தில் ஏறினேன். சுவர்ணபூமியில் முத்திரை குத்திய அதிகாரி ஏதோ கேட்டார். அழுதுகொண்டே தலையை ஆட்டினேன், அவரும் குத்திவிட்டார். முப்பத்தோராம் நாள் முடிந்து கட்டுநாயக்கவில் செக்-இன் வரிசையில் நிற்கிறேன். கவுண்டரில் இருந்த பொடியன் பாஸ்போட்டை முன்னும் பின்னும் இரண்டு தரம் புரட்டினான். பிறகு விரலை அந்த முத்திரையில் வைத்தான். "மிஸ், ரீ-என்ட்ரி எங்கே?" என்ன என்ட்ரி என்று நான் கேட்டேன். அவனுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும், மனேஜரைக் கூப்பிட்டான். மனேஜரும் அதே முத்திரையில் விரல் வைத்தார். அம்மா கட்டித்தந்த பருத்தித்துறை வடையோடும் இரண்டு சூட்கேஸோடும் ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். புதிதாக நொன்-பி எடுத்துப் போக இரண்டு மாதம் ஆனது. என் வகுப்பை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800. இமிக்ரேஷன் கந்தோரில் எடுக்கலாம். விமான நிலையத்திலும் வசதி உண்டு, ஆனால் கல்யாண அவசரத்தில் அதை நம்ப வேண்டாம். அந்த பெர்மிட் வீசாவின் காலத்தை நீட்டாது, வீசா முடியும் நாளுக்குள் அவர் திரும்பிப் போயிருக்க வேண்டும். 90 நாளுக்கொரு தரம் விலாசம் அறிவிக்கும் கணக்கு, திரும்பிப் போன நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். மகளுக்கு என் வாழ்த்துகள்.

கேள்வி: சீனாவில் கிண்டர்கார்டன் ஒன்றில் ஆங்கில ஆசிரியை வேலை, மாதம் 12,000 யுவான் என்கிறார் எங்களுக்குத் தெரிந்த ஒருவர். எம் வீசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். ஐந்து லட்சம் கேட்கிறார். கட்டலாமா?
– எஸ். ஆர்., தெஹிவளை

பதில்: கட்ட வேண்டாம். எம் என்பது வியாபார அலுவலாகப் போகிறவர்களுக்கான வீசா. வேலைக்கு இசட் வீசா, அதோடு வேலை அனுமதி, போய் இறங்கி 30 நாளுக்குள் வதிவிட அனுமதி. ஆங்கிலம் படிப்பிக்க வருகிறவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. நீங்கள் எவ்வளவு நன்றாகப் படிப்பிப்பீர்கள் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை, பாஸ்போட்டின் மட்டையைத்தான் பார்ப்பார்கள். தென்கொரியாவின் ஈ-2 வீசாவும் அப்படித்தான்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா என்று ஏழு நாட்டுப் பட்டியல். இந்த அநியாயத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, உங்கள் ஐந்து லட்சத்துக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் சீனச் சட்டத்தில் 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம், பாரதூரமானது என்று கண்டால் ஐந்து முதல் பதினைந்து நாள் தடுப்புக்காவலும். சோதனைக்கு ஆள் வரும்போது ஆசிரியைகளைப் பின்கதவால் அனுப்புகிற இடங்கள் உண்டு. பாங்கொக் சீலோம் வீதி மாரியம்மன் கோயிலில் நான் சந்தித்த நம் பிள்ளை ஒருத்தி அப்படி மூன்று தரம் சமையலறைக்குள் ஒளிந்திருந்துவிட்டு, வேண்டாம் என்று வந்தவள்.

"அங்கே போய் மாற்றலாம்" என்று யார் சொன்னாலும், எந்த நாடாக இருந்தாலும், அந்த ஆளின் பணியக உரிமம் எங்கே, இந்த வேலைக்கான அனுமதி எங்கே என்று கேளுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகளின் செய்தியைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். அவர்களையும் "தெரிந்த ஒருவர்"தான் அனுப்பினார்.

கேள்வி: வெள்ளைக்காரர் இல்லையென்றால் சம்பளம் குறைவாமே, டீச்சர்? உண்மையா?
– கே., வத்தளை

பதில்: உண்மை. எனக்கு 25,000 பாத், பக்கத்து வகுப்பில் ஆங்கிலேயத் தம்பிக்கு 38,000. அவருக்கு இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் சுவரைத் தட்டி என்னைக் கேட்பார், நல்ல பிள்ளை. பல பள்ளிகள் நம்மிடம் மட்டும் டொயிக் என்ற ஆங்கில அறிவுப் பரீட்சையில் 600 புள்ளிகள் கேட்கும்.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் அதிபர் என்னை "லண்டனில் இருந்து வந்தவர்" என்று அறிமுகப்படுத்திவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கி, ராணியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்றேன். பொய் இல்லை. அப்பாவின் முத்திரை அல்பத்தில், ஐந்து சதச் சிலோன் தபால் முத்திரையில்.