கேள்வி பதில்: தையல் மிஷின் தவணையும் பர்மா நெல்லும்

கேள்வி (காரைக்குடி காலேஜ் மாணவர்): ஐயா, அமெரிக்கா தொழில்ல இவ்ளோ பெருசா வளந்ததுக்கு ஒரே ஒரு கண்டுபிடிப்பச் சொல்லுங்கன்னா எதச் சொல்வீங்க? எங்க கிளாஸ்ல எல்லாரும் பல்புன்னாங்க.

பதில்: பல்பு பெருசுதான் தம்பி, 1882ல எடிசன் நியூயார்க் பேர்ல் தெருவுல கரண்ட் நிலையம் வச்சு கடைகளுக்கு லைன் இழுத்தது சாதாரண வேலையில்ல. ஆனா ஒண்ணுதான்னா நான் தையல் மிஷினச் சொல்வேன். ஐசக் சிங்கர் 1851ல பேட்டன்ட் வாங்கினாரு, மிஷின் நல்லாத்தான் தச்சுச்சு, ஆனா விலை 100 டாலருக்கு மேல, அப்ப சாதாரணக் குடும்பத்தோட வருஷ வருமானமே சுமார் 500 டாலர்தான், யாரு வாங்குவா சொல்லுங்க? அவரோட கூட்டாளி எட்வர்ட் கிளார்க்னு ஒரு வக்கீல், 1856ல கொஞ்சம் முன்பணம் கட்டி மிஷின வீட்டுக்குக் கொண்டு போங்க, மிச்சத்த மாசாமாசம் கட்டுங்கன்னு திட்டம் கொண்டு வந்தாரு, விற்பனை எகிறிருச்சு. அப்புறம் காரு, ரேடியோ, பிரிட்ஜ் எல்லாம் இதே பாதையிலதான் போச்சு, காருக்குக் கடன் குடுக்கவே ஜெனரல் மோட்டார்ஸ் 1919ல தனிக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. நம்ம பழைய வீடுகள்ல ரெண்டாங்கட்டு ஓரமா துணி போத்தி ஒரு கால்மிதி மிஷின் நிக்குமே, அதப் பாக்குறப்ப எனக்கு சிங்கர விட கிளார்க் ஞாபகந்தான் வரும். லேவாதேவி பாத்த ஊர்க்காரங்க நமக்கு இது சட்டுன்னு புரியும்.

கேள்வி (பள்ளத்தூர் டீச்சர்): மிஷின் வந்தா மனுஷனுக்குக் கஷ்டம் கொறையும்னு புள்ளைகளுக்குச் சொல்லித் தர்றேன். சரிதானே?

பதில்: எல்லா நேரமும் இல்ல டீச்சர். 1793ல எலி விட்னி பருத்தியில கொட்டை எடுக்குற மிஷின் செஞ்சாரு. கொட்டை எடுக்குற வேலை சுலபமாச்சு, உடனே பருத்தி லாபமான பயிராயிருச்சு, தெற்கு மாநிலங்கள்ல காடு காடா பருத்தி போட்டாங்க, அத வெதச்சுப் பறிச்சதெல்லாம் அடிமைகள். 1790ல அங்க சுமார் 7 லட்சம் அடிமைகள், 1860ல 40 லட்சத்த நெருங்கிருச்சு. இதையும் புள்ளைகளுக்குக் கண்டிப்பா சொல்லுங்க.

கேள்வி (தேவகோட்டை ஆச்சி ஒருவர்): எங்க ஐயா பர்மாவுல வட்டிக்கடை வச்சிருந்தவுக. அமெரிக்காவுல பங்கு விழுந்துதான் நாம நொடிச்சோம்னு அப்பத்தா சொல்லுவாக. அங்கிட்டு பங்கு விழுந்தா இங்கிட்டு எப்படி?

பதில்: அப்பத்தா சொன்னதுல உண்மை இருக்கு ஆச்சி, ஆனா நடுவுல ரெண்டு மூணு கண்ணி இருக்கு. 1929 அக்டோபர்ல நியூயார்க் சந்தை விழுந்துச்சு, நெறையப் பேரு கைக்காசு கொஞ்சமும் புரோக்கர்கிட்ட கடன் நெறையவுமா பங்கு வாங்கி வச்சிருந்தாங்க, விலை இறங்கவும் கடன அடைக்க விக்க, விக்க விக்க இன்னும் இறங்க, 1930லேருந்து 33க்குள்ள சுமார் 9,000 பேங்க் மூடிருச்சு. 1930ல வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரிய ஏத்துனாங்க, மத்த நாடுகளும் பதிலுக்கு ஏத்த, உலக வியாபாரமே சுருங்கி கோதுமை, பருத்தி, ரப்பர், அரிசி எல்லாம் விலை சரிஞ்சுச்சு. கீழ்ப் பர்மாவுல நம்மவுக, அதான் செட்டியார்கள், குடுத்த கடன் பெரும்பாலும் நெல்ல நம்பிக் குடுத்தது. நெல்லு விலை இறங்குன ஒடனே சம்சாரிக்கு அசல் என்ன, வட்டி கூடக் கட்ட முடியல, அடமானம் வச்ச நிலம் நம்மவுக கைக்கு வந்துச்சு. முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930ல நூத்துக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள்ட்ட, 1938ல அது 25 பங்கு. பேரேட்டுல சொத்து ஏறுது, பெட்டியில ரொக்கம் இல்ல, ஊருக்குப் பணம் அனுப்ப வழி இல்ல. நிலத்த எழந்த பர்மாக்காரனுக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் இருந்திருக்கும்னும் நாம நெனைக்கணும். 1942ல ஜப்பான்காரன் வந்ததும் நம்மவுக ஓடி வந்தாக, 1948ல பர்மா அரசாங்கம் நிலத்த நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டுச்சு, அதோட போச்சு. உங்க வீட்டு வளவுல தேக்குத் தூண் நின்னா அது அதுக்கு முந்தின காலத்துக் காசு.

ஒண்ணு சேத்துச் சொல்லணும். 1933ல அமெரிக்காவுல நாலு தொழிலாளியில ஒருத்தருக்கு வேலை இல்ல, ரூஸ்வெல்ட் ஜனாதிபதியா பதவிக்கு வந்ததும் எல்லா பேங்கையும் சில நாள் மூடி, சரியா இருக்குறதப் பாத்துத் தொறந்தாரு, 1934லேருந்து டெபாசிட்டுக்கு 2,500 டாலர் வரைக்கும் காப்பீடு, அதாவது பேங்க் நொடிச்சாலும் அந்த அளவுக்குப் பணம் திரும்பக் கெடைக்கும். நம்ம நாட்டுக்கு இது 1962ல வந்துச்சு, இப்ப ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் ரூபா வரைக்கும் இருக்கு. ஒரே பேங்க்ல எல்லாத்தையும் போடாதீங்க ஆச்சி.

கேள்வி (ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை வச்சிருப்பவர்): போர்டு கார் கம்பெனி மாதிரி வரிசை வேலையா பிரிச்சா எங்களுக்கும் உற்பத்தி கூடுமா?

பதில்: அண்ணே, போர்டு கதைய எல்லாரும் பாதிதான் சொல்லுவாங்க. 1913ல ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில நகர்ற வரிசை வந்ததும் காரோட அடிச்சட்டமான ஒரு சேசிஸ் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல ஆனது ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சுச்சு. ஆனா நாள் முழுக்க ஒரே நட்டத் திருகுறது தாங்காம ஆளுங்க ஓடிட்டாங்க, சுமார் 14,000 பேர் வேலைக்கு அந்த வருஷம் 52,000 பேர எடுக்க வேண்டியதாச்சு. அதனாலதான் 1914 ஜனவரியில நாளுக்கு 5 டாலர்னு அறிவிச்சாரு, ஏறக்குறைய ரெட்டிப்பு. 850 டாலருக்கு ஆரம்பிச்ச அவரோட மாடல் டி காரு 1925ல 260க்கு வந்துச்சு.

உங்க வேலையில கண்ணாடி மேல அச்ச வச்சுக் கலர் ஊத்துறவரு கையத்தான் ஜனங்க காசு குடுத்து வாங்குறாங்க, அதப் பிரிச்சா மிஷின் டைல்ஸோட விலையில மோதணும், ஜெயிக்க முடியாது. ஆனா அவரு எந்திரிச்சுப் போயி மணல் அள்ளுறது, கலவைக்குக் காத்திருக்குறது, கல்ல தண்ணித் தொட்டிக்குத் தூக்கிட்டு நடக்குறது, இதெல்லாம் ஏன்? போர்டு பட்டறையில சரக்கு ஆள்கிட்ட வந்துச்சு, இடுப்பு உசரத்துக்கு. சலிச்ச மணலும் கலரும் அவரு கைக்கு எட்டுற மாதிரி வைங்க, அதுக்குன்னு ஒரு ஆளுக்கு நல்ல சம்பளம் குடுங்க. ஒரு நாளைக்கு அவரு எத்தனை தடவ எந்திரிக்கிறாருன்னு எண்ணிப் பாத்து எழுதுங்க, அடுத்த இதழ்ல கணக்குப் போடுவோம்.