ஆபீஸ் நீட்டும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். துறைக் கருத்தரங்கை நிர்வாகம் கடைசி நேரத்தில் ரத்து செய்ததைக் கண்டித்து இன்ஸ்டாகிராமில் எழுதினாள். 'கல்லூரிக்குக் களங்கம்' என்று சொல்லி, 3 நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும் என்கிறது ஆபீஸ். முனிர்காவில் ஒருவர், "66ஏ கேஸ் போடுவார்கள், 25,000 கொடுங்கள், மாணவர் ஒழுங்கைப் பார்க்கும் ப்ராக்டரிடம் பேசி முடிக்கிறேன்" என்கிறார். பேச்சுரிமை என்று ஒன்று இல்லையா? – ஒரு தாய், மயூர் விஹார்

பதில்: முதலில் அந்த முனிர்கா ஆசாமியின் நம்பரை பிளாக் செய்யுங்கள் அம்மா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. இல்லாத பிரிவைக் காட்டிப் பணம் கேட்பவருக்கு ப்ராக்டரைத் தெரிந்திருக்கும் என்று எப்படி நம்புவது? அட்மிஷன் சமயத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று சுற்றும் அதே கூட்டம்தான் மற்ற மாதங்களில் இப்படிப் பிழைக்கிறது.

அடுத்தது மன்னிப்புக் கடிதம். ஆபீஸே டைப் அடித்து நீட்டும் தாளில் 'என் தவறை முழுமையாக உணர்ந்து', 'நிபந்தனையின்றி', 'இனி சமூக ஊடகத்தில் எழுதமாட்டேன்' என்றெல்லாம் இருக்கும். கையெழுத்துப் போட்ட நிமிடமே அது குற்ற ஒப்புதல். ஃபைலில் கிடந்து, ஹாஸ்டல் புதுப்பிக்கும்போதோ நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும்போதோ எழுந்து வரும். வருத்தம் தெரிவிக்க விரும்பினால் அவள் சொந்த வார்த்தையில், "என் சொற்கள் யாரையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்" என்ற அளவோடு நிற்கட்டும்.

பதில் ஒரு பக்கம் போதும். மேலே நோட்டீஸின் எண், தேதி. பிறகு மூன்று கோரிக்கைகள்: புகாரின் நகல், அவர்கள் வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டின் நகல், எந்த விதியை மீறினாள் என்ற விவரம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒழுங்கு பற்றிய விதி ஆர்டினன்ஸ் 15-பி. 'களங்கம்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அதில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள். இவை கிடைத்தபின் விளக்கம் தர 7 நாள் அவகாசம் கேளுங்கள். மார்க் ஷீட்டில் எழுத்துப்பிழை திருத்த மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் மாணவிக்கு மட்டும் 3 நாள் கெடு வைப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் கெடு முடிவதற்குள் இந்தத் தாள் உள்ளே போய்விட வேண்டும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரை, தேதி, டைரி நம்பருடன் 'ரிசீவிங்', அதாவது பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட், கூடவே மின்னஞ்சல். வாய்மொழியாக "சரிம்மா, பார்த்துக்கறோம்" என்றால் ஏமாந்துவிடாதீர்கள். நாளைக்கு 'பதிலே வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள்.

பதிவைப் பதற்றத்தில் அழிக்க வேண்டாம். தேதி, கமென்ட்கள் உட்பட முழுதாகச் சேமியுங்கள். ஒற்றை வரியை வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு முழுப் பதிவுதான் பதில். விசாரணையில் போனைத் திறந்து காட்டச் சொன்னால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பேச்சுரிமைக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் உரிமைக்கு 19(2) வரம்பு போடுகிறது. அந்தப் பட்டியலில் பொது ஒழுங்கு இருக்கிறது, அவதூறு இருக்கிறது. நிர்வாகத்தின் மனவருத்தம் இல்லை. ஆகவே முடிவை விமர்சிக்கலாம், ஆதாரமில்லாமல் ஆளின் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது. ஆனால் தில்லி வழக்குகளில் கைகொடுப்பது பெரும்பாலும் நடைமுறைத் தவறுதான். ஆவணப்படத் திரையிடல் விவகாரத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை ஓராண்டு தடை செய்த பல்கலைக்கழக உத்தரவை, இயற்கை நீதி (தண்டிக்கும் முன் அவர் தரப்பை முறையாகக் கேட்பது) பின்பற்றப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ரத்து செய்தது. அதனால்தான் ரிசீவிங், ரிசீவிங் என்று அடித்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு நிலைமையில் மேலே சொன்னது மாறும்: இதே பதிவுக்காகப் போலீசிலும் புகார் போயிருந்தால். அப்போது கல்லூரிக்கு எழுதும் ஒவ்வொரு வரியும் அங்கே ஆதாரமாகலாம். 'நான்தான் எழுதினேன், இந்த அர்த்தத்தில் எழுதினேன்' என்று விவரிக்கவே கூடாது. "காவல்துறை விசாரணை இருப்பதால் சட்ட ஆலோசனைக்குப் பிறகு பதில் தருகிறேன்" என்று இரண்டு வரி மட்டும். இதனால் கல்லூரி விசாரணை தானாக நின்றுவிடாது, கெடுவைத் தவறவிடாதீர்கள். ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸ், பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் வரும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காக வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள். வக்கீலிடம் காட்டுங்கள், தனியாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் உங்கள் மகளே கேட்கலாம்.